பூட்டி வைப்பதா, பழக்கி விடுவதா?

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிக்கூடங்களின் வாயிற்கதவுகள் சாத்தப்பட்டு, பாடம் என்பது மாணவரின் வீட்டைத் தேடி வரவேண்டிய நிலை ஏற்பட்டபோது, அந்தப் பாடத்தை வாங்கிக்கொள்வதற்குரிய சாதனம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. கல்வியமைச்சு பெற்றோரிடையே நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வித மின்னியல் சாதனமும் இல்லை என்பது தெரியவந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் தந்தையின் ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தியதும், அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை பாடம் காத்துக் கிடந்ததும் அந்நாளில் சர்வ சாதாரணமான காட்சிகள்.

அந்தக் குறையைப் போக்கும் உத்தேசத்துடன், 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ‘செர்டிக்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு சார்ந்த நிறுவனங்கள் அளித்த 15 கோடி ரிங்கிட் நிதியை யாயாசான் ஹசானா என்னும் அறநிறுவனம் ஏற்று நடத்த, 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்குவது அதன் இலக்கு. அதற்கு முன்னும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1997-இல் வகுக்கப்பட்ட ‘செகோலா பெஸ்தாரி’ என்னும் திறன்மிகு பள்ளித் திட்டம் 1999 முதல் 87 பள்ளிகளில் சோதனை முயற்சியாக நடைபெற்றது. 2013-இல் குரோம்புக் எனப்படும் சிறு மடிக்கணினிகள் நம் பள்ளிகளுக்கு வரத் தொடங்கின. தமிழ்நாட்டிலும் 2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்று, இலட்சக்கணக்கான மாணவர் கைகளுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது.

கருவியை எங்கே வாங்குவது, யாருக்குக் கொடுப்பது, செலவை யார் ஏற்பது என்பன பற்றியெல்லாம் அமைச்சுகளும் சட்டமன்றங்களும் பத்திரிகைகளும் விரிவாக விவாதித்துவிட்டன. ஆனால், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைப் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, மழை வந்தால் என்ன செய்வது, பழுதானால் யாரிடம் சொல்வது என்பன போன்ற எளிய விஷயங்களுக்கு நாம் கொடுத்த கவனம் மிகச் சொற்பம். கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறிய கணத்திலேயே காரியம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது.

இதற்கு உலக அனுபவம் ஒன்று சாட்சியாக நிற்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்னும் இயக்கத்தைத் தொடங்கி, ஏழை நாடுகளின் சிறுவர்க்கென்றே பச்சையும் வெள்ளையுமான சிறிய கணினி ஒன்றை உருவாக்கச் செய்தார். தூசியும் நீரும் புகாதபடி ரப்பர் உறையிட்ட விசைப்பலகை, வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, கீழே விழுந்தாலும் தாங்கும் உடல் என, குழந்தையின் கைக்கு ஏற்றவாறே அது அமைக்கப்பட்டிருந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாடு அத்தகைய கணினிகளை எட்டு இலட்சத்துக்கும் அதிகமாக வாங்கி விநியோகித்தது. எனினும், அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணக்கிலும் மொழியிலும் மாணவரின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்பது மட்டுமின்றி, ஐந்தில் இருவரே கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர் என்பதும் வெளிப்பட்டது. களவு போனாலோ பழுதானாலோ மாற்றுக் கருவி கிடைக்காதே என்ற பயம், வீட்டுக்கென்றே படைக்கப்பட்ட அந்தக் கணினியைப் பல ஊர்களில் பள்ளிக்குள்ளேயே நிறுத்திவிட்டது.

எவ்வளவு உறுதியான கருவியையும் பயன்படாமற் செய்துவிடும் வல்லமை அச்சத்துக்கு உண்டு என்பதை இது காட்டுகிறது. பள்ளி மடிக்கணினிக்குப் பகை இரண்டு: ஒன்று அலட்சியம், மற்றது அச்சம். அலட்சியம் கருவியை உடைக்கிறது. அச்சம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறது. உடைந்த கணினியும் பூட்டிய கணினியும் மாணவனுக்கு உதவாமையில் ஒன்றேதான். அலமாரிச் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்திருக்கும் பொறுப்பாசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. கணக்கெடுப்பு நாளில் எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இவ்விரு பகைக்கும் மருந்து ஒன்றே உண்டு. அது பழக்கம். கையாளத் தெரிந்த பிள்ளையிடம் கருவியைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். தயக்கமின்றிக் கொடுக்கப்பட்டதைப் பெற்ற பிள்ளையே அதைத் தன்னுடையதாகக் கருதிக் காப்பான்.

இன்று தாமான்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்ட இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு நிலத்தில் நம் பாட்டனாரும் பாட்டிமாரும் பால்மரம் வெட்டிய காலத்தை நினைத்துப் பார்ப்போம். பட்டையை ஆழ வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் வராது. அந்த மயிரிழை அளவை அவர்கள் சொற்பொழிவாற்றிக் கற்பிக்கவில்லை. உளியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அந்தக் கையின்மேல் தம் கையை வைத்து, மரத்தடியில் உடன் நின்று பழக்கினார்கள். வேலை முடிந்ததும் உளியைத் தீட்டி வைப்பதும் அந்தக் கல்வியில் ஒரு பகுதியாகவே இருந்தது. மடிக்கணினிக்கும் வேண்டுவது அந்த முறைமைதான்.

ஆகவே முதற்பாடம் கணினியை இயக்குவதாக இருக்கக் கூடாது. எடுப்பதாகவும் வைப்பதாகவும் இருக்க வேண்டும். ஆசிரியை ஒருவர் வகுப்பின் நடுவில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மாணவரை ஒவ்வொருவராக அழைத்து, மூடிய நிலையில், இரு கைகளையும் அதன் அடியில் கொடுத்துத் தூக்கச் செய்யட்டும். மார்போடு அணைத்தபடி பத்தடி நடந்து, மேசையின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வைக்கட்டும். பிறகு மூடியின் ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், மேல் விளிம்பின் நடுவில் விரல் வைத்து மெல்லத் திறக்கட்டும். மூலையைப் பிடித்துத் திறக்கும்போது பாரம் முழுவதும் ஒரு பக்கத்துக் கீலில் விழுகிறது. நாளடைவில் அந்தக் கீல் தளர்ந்து, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிசல் கண்டு, அதன் வழியே திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பியும் அறுந்து போகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால், எந்தப் பிள்ளையும் மூலையைப் பிடித்து இழுக்காது. காரணம் தெரியாமல் விதிக்கப்படும் விதியைத்தான் பிள்ளைகள் மீறுகிறார்கள்.

அடுத்தது திரை. மடிக்கணினியின் திரை இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவப் படிகத்தை அடைத்துச் செய்யப்பட்டது. எழுதிக்கொண்டிருந்த பென்சிலை விசைப்பலகையின் மேலேயே மறந்து வைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினால், அந்தச் சிறு பென்சில் கண்ணாடியைப் பிளந்துவிடும். மறுமுறை திறக்கும்போது திரையில் மை கசிந்ததுபோல் கருமை படர்ந்திருக்கும். ஒரு பென்சிலால் விளைந்த பழுதைத் தீர்க்கச் சில நூறு ரிங்கிட் செலவாகும். பழுதாகிக் கழிக்கப்பட்ட கணினி ஒன்றின் திரையை வகுப்பில் காட்டி, இது இப்படித்தான் உடைந்தது என்று பிரத்தியட்சமாகக் காண்பிப்பது, சுவரில் ஒட்டும் நூறு அறிவிப்புகளைவிட மேலானது. மூடுமுன் விசைப்பலகையின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை அன்றே ஏற்படுத்திவிடலாம்.

புத்தகப் பையிலும் எச்சரிக்கை வேண்டும். நம் பிள்ளைகளின் பை ஏற்கெனவே பாரமானது. பள்ளி வேனில் ஏறும் அவசரத்தில் அதைத் தூக்கி எறிவதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும், அதன்மேலேயே உட்கார்வதும் வழக்கமாகிவிட்டன. மடிக்கணினி இருக்கும் பை நிமிர்த்தி வைக்கப்பட வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பாத்திரமும் அதனோடு ஒரே அறையில் இருக்கலாகாது.

உஷ்ணம் பற்றிய பாடம் நம் சீதோஷ்ணத்தில் தனிச் சிறப்புடையது. மடிக்கணினிக்கு உயிர் தருவது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்த மின்கலத்தை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதன் பரம வைரி வெப்பம். மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ கணினியை வைத்தால், அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அடைபட்டு, உள்ளே சூடு தங்கிவிடுகிறது. நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் சென்றாலும் அதே கதிதான். முழுக்க மின்னேற்றி மாதக்கணக்கில் வைத்திருப்பதும், முழுக்க வற்றவிட்டு வைத்திருப்பதும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைப்பதே நலம். கணினியின் அடிப்பாகம் புடைத்துக் காணப்பட்டால், அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்னேற்றுவதை நிறுத்தி ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். வீங்கிய மின்கலம் தீப்பற்றக் கூடியது என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குத் தாராளமாகச் சொல்லலாம். பயமுறுத்துவதற்காக அன்று, அடையாளம் கண்டுகொள்வதற்காக.

பிற்பகலில் திடீரெனக் கருத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும் மழை கோலாலம்பூர்வாசிகளுக்குப் புதிதன்று. உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் நம்முடையதும் ஒன்று. மூன்று கால் பிளக்கினுள் இருக்கும் சிறிய பியூஸ், கம்பியில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்து சூடேறாமல் காப்பதற்காக உள்ளது; மின்னலால் மின்கம்பி வழியே பாயும் அதிர்ச்சியை அது தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுவது உத்தமம். பிடுங்கும்போதும் கம்பியைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் தலையைப் பிடித்தே எடுக்க வேண்டும். மழையோடு வெள்ளமும் வரும் என்பதை 2021 டிசம்பர் 18-ஆம் நாள் நமக்கு மறக்கவொண்ணாதபடி கற்பித்தது. அன்று சிலாங்கூரில் பெருமழை கொட்டி, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியபோது, உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்களின் பாடப்புத்தகமும் கணினியும் சேற்றோடு போயின. தாழ்வான பகுதியில் குடியிருப்போர் மடிக்கணினியைத் தரையிலோ கட்டிலடியிலோ வைக்காமல், கைக்கெட்டும் உயரமான தட்டில், ஒரு நெகிழிப் பையினுள் வைத்துப் பழகுவது எளிது. அவசரத்தில் எடுத்துக்கொண்டு ஓடவும் சௌகரியம். ஆனால், முதலில் உயிர், பிறகே கருவி என்ற வரிசையைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

உணவும் பானமும் மற்றொரு தொல்லை. ரொட்டித் துணுக்கும் பிஸ்கட் தூளும் விசைகளின் இடுக்கில் விழுந்தால், அந்த ருசியைத் தேடி எறும்பு உள்ளே குடியேறும். சர்க்கரை கலந்த மைலோவும் தேநீரும் தண்ணீரைவிடக் கொடியவை. ஈரம் உலர்ந்த பிறகும் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டு விசைகளை இறுக்கும், உலோகத்தை அரிக்கும். கொட்டிவிட்டால் செய்ய வேண்டியதை, தீயணைப்புப் பயிற்சியைப் போலவே வகுப்பில் ஒத்திகை பார்க்கலாம். உடனே மின்னேற்றியைப் பிடுங்குவது. மின்விசையை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைப்பது. திறந்த நிலையிலேயே கவிழ்த்து, துணியின் மேல் கூடாரம்போல் நிறுத்தி நீரை வடியவிடுவது. பிறகு பெரியவரிடம் கொடுப்பது. அரிசிக்குள் புதைப்பதும், வெயிலில் காய வைப்பதும், முடி உலர்த்தியால் சூடேற்றுவதும் பயன் தருவதில்லை. உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக மீண்டும் இயக்குவதுதான் பிழைக்கக்கூடிய கருவியையும் கொன்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் குணம் சோதனைக்கு உள்ளாகிறது. “டீச்சர், மைலோ கொட்டிடுச்சு” என்று ஒரு சிறுமி ஓடிவந்து சொல்லும்போது, அவளுக்குக் கிடைப்பது திட்டாக இருந்தால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஈரக் கணினியை மெல்ல மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடும். உடனே வந்து சொன்னவளை முதலில் பாராட்டி, பிறகு காரணத்தை விசாரித்து, மறுமுறை நேராதிருக்க வழி சொல்லும் ஆசிரியரின் வகுப்பில் கணினிகள் நீண்ட நாள் வாழும். வேண்டுமென்றே செய்த சேதத்துக்குத் தண்டனை நியாயம்; தவறி நேர்ந்ததற்கு வேண்டியது உண்மையைச் சொல்லும் துணிவு. அந்தத் துணிவை வளர்ப்பது கணினிப் பாடத்தைவிடப் பெரிய பாடம்.

கருவியின் உடலைப் போலவே அதன் உள்ளத்தையும் பேண வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் கல்வியமைச்சு தொடங்கிய ‘டெலிமா’ தளத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு; அதன் கடவுச்சொல்லே அவர் எழுதிய பயிற்சிக்கும் ஆசிரியர் தந்த குறிப்புக்கும் திறவுகோல். அந்தச் சொல்லைத் தாளில் எழுதிக் கணினியின் மூடியில் ஒட்டி வைப்பதும், உயிர்த் தோழனிடம் சொல்லி வைப்பதும் நம் பிள்ளைகளிடம் காணப்படும் வெகுளித்தனம். ஒரே கணினியைக் காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் பயன்படுத்தும் பள்ளியில், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுவது, எழுந்து போகுமுன் நாற்காலியை உள்ளே தள்ளுவது போன்ற அனிச்சைச் செயலாகிவிட வேண்டும்.

கருவியைக் கவனத்தோடு கையாள்வதற்குப் பார்வையற்ற மாணவர்கள் நல்ல எடுத்துக்காட்டு. திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள்களின் துணையால், பார்வையற்ற மாணவர்கள் இன்று மடிக்கணினியில் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அத்தகைய மென்பொருள்களுள் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார்; பார்வையற்றவரான ஜேம்ஸ் தே பின்னர் அவரோடு இணைந்தார். அந்த மாணவர்க்குத் திரை விரிசல் கண்டாலும் வேலை நடக்கும். ஆனால், ஒரு விசை ஒட்டிக்கொண்டாலோ, காதொலிக் கருவி செருகும் துளை பழுதானாலோ கல்விக்கே தடை ஏற்படும். அவர்கள் விரல்நுனியால் கணினியை அறிகிறார்கள். எந்தப் பகுதி எதற்காக இருக்கிறது என்பதை அத்தனை நுட்பமாக அறிந்து கையாளும் சிரத்தையை, பார்வையுள்ள பிள்ளைகளும் கற்கலாம்.

இதையெல்லாம் ஆசிரியர் ஒருவரே செய்துவிட முடியாது. கிள்ளானிலுள்ள சிம்பாங் லிமா தமிழ்ப்பள்ளி போன்ற பெரிய பள்ளிகளில் ஒரு வகுப்புக்குக் கணினியை வழங்கி, எண்ணித் திரும்பப் பெறுவதற்கே பாட நேரத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். ஆகவே வகுப்புதோறும் மாணவர் சிலரைச் சுழற்சி முறையில் கணினிக் காவலராக நியமித்து, ஒவ்வொரு கருவிக்கும் எண் இட்டு, எடுக்கும்போதும் வைக்கும்போதும் அதன் நிலையை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்வது நல்லது. கெட்டிக்கார மாணவர்க்கு மட்டும் இந்தப் பொறுப்பைக் கொடுப்பது பிழை. குறும்பு மிகுந்தவனிடம் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அவனே மிகக் கண்டிப்பான காவலனாக விளங்குவான்.

பெற்றோருக்கும் ஒரு பாடம் தேவை. வீட்டுக்கு வந்த மடிக்கணினியைக் கண்டு, “தொடாதே, உடைச்சிட்டா கட்டணும்” என்று அம்மா அலமாரியின் மேல் வைத்துவிடுவதும், தம்பி தங்கையர் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வதும் இரு துருவங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமைக் காலையில் பெற்றோரை வரவழைத்து, தமிழில், கருவியைக் கையில் கொடுத்தே இவற்றை விளக்கலாம். அதிலும், அந்த விளக்கத்தைப் பிள்ளைகளே தங்கள் தாய் தந்தையருக்குச் சொல்லும்படி செய்தால், கற்றது இருமடங்கு உறுதிப்படும். தற்செயலாகப் பழுதானால் குடும்பம் என்ன செய்ய வேண்டும், எந்தச் செலவை யார் ஏற்பார் என்பதைப் பள்ளி எழுத்துமூலமாக முன்கூட்டியே தெளிவுபடுத்திவிட வேண்டும். அச்சத்தின் பெரும்பகுதி தெளிவின்மையிலிருந்தே பிறக்கிறது.

எல்லாப் பராமரிப்புக்கும் பிறகு ஒரு நாள் கருவி முதுமையடையும். அதைக் குப்பைத் தொட்டியில் போடுவது குற்றத்துக்கு ஒப்பானது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின்படி மின்னியல் கழிவு எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. முறைப்படி கையளிப்பதற்கு முன்னால், மின்கலத்தை அகற்றிய பழைய கணினி ஒன்றை ஆசிரியர் முன்னிலையில் மாணவர் திருகுகளைக் கழற்றித் திறந்து, விசிறியையும் நினைவகத்தையும் கீலையும் கண்ணால் கண்டு, தொட்டுணர்ந்து கற்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்ட கை, வெளியே முரட்டுத்தனம் காட்டாது.

சிறிது சிறிதாகச் சேர்த்து வாங்கப்பட்ட பொதுச் சொத்து பள்ளி மடிக்கணினி. இன்று நான்காம் ஆண்டில் படிப்பவன் அதைப் பேணினால்தான், இப்போது முதலாம் ஆண்டில் உள்ளவனுக்கு அது கிடைக்கும். இன்னும் முகமறியாத ஒரு தம்பிக்காக, தங்கைக்காக ஒரு பொருளைக் காத்து வைக்கப் பழகுவதைக் காட்டிலும் உயர்ந்த குடிமைப் பயிற்சி பள்ளியில் வேறென்ன இருக்கிறது? தலைமையாசிரியர்களும் பெற்றோரும் இந்தத் தவணையிலேயே, முதற்பாடமாக, கணினியை எடுக்கவும் வைக்கவும் பிள்ளைகளைப் பழக்கட்டும். பழக்கிய மறுநாளே அலமாரியின் பூட்டைத் திறந்து, கருவிகளை அவர்கள் கையில் ஒப்படைக்கட்டும்.